வெள்ளிக்கிழமை எடை

என் மூத்த மகள் நறுமுகை இறந்த பிறகு இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாள். இது எனக்குத் தெரிந்தது என் மனைவியின் ஃபோனிலிருந்து. இளையவள் ஆதிரைக்கு அதே மாத்திரையைத் தொடங்குவதா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அந்தச் சண்டை புரியும். நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கலாம்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் அப்போது எனக்கு வேலை. என் மனைவி செண்பகம் அங்கன்வாடிப் பணியாளர். தெருப் பிள்ளைகளை மாதாமாதம் தராசில் உட்காரவைத்து எடை பார்ப்பதும், சுவரோரம் நிறுத்தி உயரம் பார்ப்பதும் அவள் வேலை. எங்காவது ஒரு பிள்ளைக்கு எடை குறைந்திருந்தால் அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். என்ன சமைத்தார்கள், யார் ஊட்டினார்கள், பிள்ளை சிரிக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு வந்துதான் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

அப்படிப்பட்டவள், சொந்த மகளின் முகம் காலையில் வீங்கியிருந்ததைத் தூக்கத்தால் வந்தது என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணுக்காலும் வீங்கிய பிறகுதான் ஆற்றங்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். குழந்தைகளின் சிறுநீரக நோய்க்கென்று ஒரு ஆராய்ச்சி மையம் அங்கே இருந்தது. அதன் தலைவி டாக்டர் ஹெப்சிபா. உயரமானவர், பேசும்போது மேசையிலிருக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைப்பார்.

"இது பரம்பரையா வர்ற நோய்," என்றார். "உங்க ரெண்டு பேர் உடம்புலயும் பாதிப் பாதியா ஒளிஞ்சு கிடந்தது, பிள்ளைகிட்ட முழுசாச் சேந்துட்டு. சின்னவளுக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம்."

"மருந்து இருக்கா டாக்டரம்மா?" என்று செண்பகம் கேட்டாள்.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு. ஆராய்ச்சியிலதான் இருக்கு. சிறுநீரகத்தைக் காப்பாத்தும்னு நம்புதோம். ஆனா ரத்தத்துல பொட்டாசியத்தை ஏத்தும். அது அளவுக்கு மேல போனா இதயம் நின்னுரும். அதனால ரெண்டு வாரத்துக்கு ஒருக்க இங்க வந்து ரத்தம் குடுக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் முழு மாத்திரையா, அரை மாத்திரையா, நிறுத்தணுமான்னு சொல்லுவோம்."

பிறகு நிழலைப் பற்றிச் சொன்னார். ஆராய்ச்சியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினிக்குள் ஒரு நிழல் இருக்கும். பிள்ளையின் உயரம், எடை, ரத்தம், மரபணு எல்லாவற்றையும் கொடுத்து வளர்த்த ஒரு கணக்கு அது. என்றைக்காவது பிள்ளையால் வர முடியாமல் போனால், அன்று அந்த உடம்பில் என்ன இருந்திருக்கும் என்று நிழல் சொல்லும். கட்டுரை எழுதும்போது இடையில் ஓட்டை விழாது.

நறுமுகைக்கு அப்போது எட்டு வயது. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கேட்டாள்: "என் நிழலுக்கும் ஊசி போடுவீங்களா?"

"போட மாட்டோம்."

"அப்ப நான் நிழலா இருந்துக்கிடுதேன். அது வந்து ஊசி போட்டுக்கிடட்டும்."

டாக்டர் சிரித்தார். ஊசி போடும் நர்சும் சிரித்தார். ஆனால் ஊசி போட்டார்கள்.

ஒரு வருஷம் நன்றாகப் போனது. வீக்கம் வடிந்தது. கன்னம் பழையபடி ஒட்டியது. பிறகு சாம்பல் காய்ச்சல் வந்தது.

அந்தப் பெயரைக் கேட்டாலே இப்போதும் எங்கள் ஊரில் பேச்சை மாற்றுவார்கள். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் முகம் சாம்பல் பூத்துவிடும். ஊரடங்கு போட்டார்கள். பஸ் நின்றது. கண் டாக்டர், தோல் டாக்டர், எலும்பு டாக்டர், சிறுநீரக டாக்டர் என்று பாகுபாடில்லாமல் எல்லோரையும் காய்ச்சல் வார்டுக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரை ஆஸ்பத்திரியின் குழந்தைகள் மையத்தைப் பூட்டி, அதன் படுக்கைகளையும் வார்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ரத்தம் கொடுக்கப் போக வழியில்லை. ஆனால் ரெண்டு வாரம் ஆனதும் செண்பகத்தின் ஃபோனுக்குச் செய்தி வந்தது: நறுமுகையின் பரிசோதனை முடிவு இயல்பு, முழு மாத்திரையைத் தொடரவும்.

"ரத்தமே எடுக்கலையே," என்றாள் செண்பகம்.

"அவங்களுக்குத் தெரியாம அனுப்புவாங்களா?" என்றேன். வேறு யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாத காலம் அது. கூப்பிட்டாலும் எடுக்க ஆளில்லை. செய்தி வந்ததே பெரிது என்று இருந்தது. மறுபடியும் வந்தது, மறுபடியும் இயல்பு.

கோடையில் நறுமுகைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. உடம்பு கொஞ்சம் சுட்டது. கஞ்சி கொடுத்தோம், இளநீர் கொடுத்தோம், மாத்திரையும் கொடுத்தோம். நாலு நாள் சோர்ந்து கிடந்தாள். ஐந்தாம் நாள் விடியும் நேரம், "நெஞ்சுக்குள்ள என்னமோ குதிக்கு" என்றாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். அது வரவில்லை. வந்திருந்தாலும் ஏற்றிப்போக அவள் இல்லை.

ஃபோனிலேயே ஒரு டாக்டர் கேட்டார்: காய்ச்சல் இருந்ததா? இருந்தது. வீட்டிலேயா இறந்தது? ஆமாம். அப்படியென்றால் சாம்பல் காய்ச்சல். நகராட்சி ஆட்கள் வந்து தூக்கிப்போனார்கள். எங்களை வாசலுக்கு மேல் வரவிடவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் காய்ச்சல் அடங்கியது. ஆற்றங்கரை ஆஸ்பத்திரியின் மதில் மேல் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். கொள்ளைநோய் ஆண்டில் அவர்களுடைய நிபுணர்கள் முன்பு எந்த ஆண்டும் எழுதாத அளவு ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டிருப்பதாக அதில் போட்டிருந்தது. டாக்டர்களின் படங்கள் இருந்தன. ஹெப்சிபாவின் படம் மேல் வரிசையில்.

அந்தக் கட்டுரைகளில் ஒன்றால்தான் எங்கள் மருந்துக்கு அரசாங்க அனுமதி கிடைத்தது. ஊசி குத்தி ரத்தம் எடுக்கவே தேவையில்லை, நிழலின் கணக்கை வைத்து ஃபோனிலேயே மாத்திரை அளவைச் சொல்லிவிடலாம், ஆராய்ச்சியில் இருந்த ஒரு பிள்ளைக்கும் இந்த மருந்தால் கேடு வரவில்லை என்பது அதன் முடிவு. மலையடிவாரத்துப் பிள்ளைக்கும் தீவுப் பிள்ளைக்கும் தபாலில் மாத்திரை போகும் என்று செய்தியில் சொன்னார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். நானும்தான்.

ஆதிரைக்கு முகம் வீங்கத் தொடங்கியது அப்போதுதான். தபாலில் மாத்திரைப் பெட்டி வந்தது. வருகிற திங்கட்கிழமை தொடங்கவும் என்று செய்தி.

"ரத்தம் பாக்காமத் தொடங்க வேண்டாம்," என்றேன்.

"பாக்க வேண்டாம்னு அவங்களே சொல்லுதாங்க. படிச்சவங்களைவிட உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு மனசு ஒப்பல, செண்பகம்."

"தொடங்காம விட்டா சிறுநீரகம் போயிரும். அதுக்கு ஒப்புதா மனசு?" ஆதிரை கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். செண்பகம் குரலைத் தணித்துக்கொண்டாள். "நறுவுக்கு நல்லாத்தான வேலை செய்யுது?"

அவள் சொன்னதைத் திருத்திக்கொள்வாள் என்று பார்த்தேன். திருத்திக்கொள்ளவில்லை. ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு செய்தி வந்திருந்தது. நறுமுகை, உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு, சிறுநீரகச் செயல்பாடு நன்று, வாழ்த்துகள். அவள் இறந்த வாரமும் வந்திருந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்திருந்தது. கடைசி வெள்ளிக்கிழமையும் வந்திருந்தது.

"நிறுத்தச் சொல்லலாம்லா?" என்றேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். மொத வாரம் சொல்லணும்னு நினைச்சேன். அப்புறம் அடுத்த வாரம்."

"நீ இதை நம்புதியா?"

"நம்பலங்க. பாக்கேன், அவ்வளவுதான்."

மறுநாள் காலை நான் ஆற்றங்கரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஹெப்சிபா இளைத்திருந்தார். அவருக்கே இரண்டு முறை காய்ச்சல் வந்து போனதாம். குரல் கரகரவென்றிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார்.

"வாங்க சார். நறுமுகை எப்படி இருக்கா? அவ முடிவெல்லாம் அருமையா இருக்கு. நான் எங்க பேசினாலும் அவ கதையைத்தான் சொல்லுதேன், பேர் சொல்லாம."

நான் உட்கார்ந்தேன். "அவ இறந்துட்டா டாக்டரம்மா. போன வருஷம். கோடையில."

அவர் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. வெகுநேரம் அவர் கணினித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"சாம்பலா?"

"அப்படித்தான் எழுதினாங்க. யாரும் வந்து பாக்கல."

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு பிள்ளை இறந்தா நிழல் நின்னுரும் சார்," என்றார். "அப்படித்தான் முதல்ல வச்சிருந்தோம். ஆனா கொள்ளைநோய் வந்ததும் எல்லா ஆராய்ச்சியும் சரிஞ்சு விழுந்தது. பிள்ளைங்க வரல, சில பேரு காய்ச்சல்ல போயிட்டாங்க. அப்ப மேல் கமிட்டியில ஒரு விதி கொண்டுவந்தாங்க. எங்களுக்குத் தெரிய வேண்டியது மருந்து என்ன செய்யுதுங்கிறதுதான். காய்ச்சல் என்ன செய்யுதுங்கிறது இல்ல. அதனால ஒரு பிள்ளை சாம்பல் காய்ச்சல்ல இறந்தா, அந்தக் காய்ச்சலே வராம இருந்திருந்தா இந்தப் பிள்ளை எப்படி இருந்திருக்கும்னு நிழல் தொடரலாம். அன்னைக்கு அது நியாயமாத்தான் பட்டுது. எனக்கும் நியாயமாத்தான் பட்டுது."

"வீட்டுல செத்த எல்லாரையும் சாம்பல்னுதான எழுதினாங்க?"

"ஆமா."

"அப்ப மருந்தால ஒரு பிள்ளை செத்திருந்தா?"

நர்ஸ் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது ஆறும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கட்டுரையை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு, முழுக் கவசத்தோட, ஃபோன்ல ஒப்புதல்னு ஒரு பொத்தானை அழுத்தினேன். உள்ள ஒருத்தர் மூச்சு விட முடியாமக் கிடந்தார். படிக்க எங்க நேரம்? நிழலோட கணக்கையெல்லாம் எடுத்து எழுதுறதும் இன்னொரு கணினிதான். அந்த வருஷம் என் ஓ.பி.யை நான் ஒரு நாள்கூடத் திறக்கல சார். ஒரு பிள்ளையைக்கூடத் தொட்டுப் பாக்கல. அந்த வருஷம்தான் என் பேர்ல பதினோரு கட்டுரை வந்தது. அதுக்கு முன்னால ஒரு கட்டுரைக்கு எனக்கு மூணு வருஷம் ஆகும்." அவர் சிரிக்க முயன்றதுபோல இருந்தது. "எங்க தோல் டாக்டர் மீரான் மட்டும், நான் பாக்காததை எழுத மாட்டேன்னுட்டார். அவருக்கு அந்த வருஷம் ஒண்ணும் இல்ல. பதாகையில அவர் படத்தைப் பாத்திருக்க மாட்டீங்க. இப்ப அவர் துறையே இங்க இல்ல."

"திங்கக்கிழமை என் சின்ன மகளுக்குத் தொடங்கச் சொல்லியிருக்கு."

"தொடங்காதீங்க," என்றார் உடனே. பிறகு, "இல்ல, தொடங்காமலும் இருக்க முடியாது. இது நல்ல மருந்துதான் சார், அதுதான் கொடுமை. ரத்தம் பாத்துக் குடுக்கணும். ரத்தம் பாக்கறதை நிறுத்தினதே என் கட்டுரைதான். நான் ஒருத்தி வாயால சொன்னா நிறுத்த மாட்டாங்க. ஆதாரம் கேப்பாங்க."

ஆதாரத்துக்கு ஒரு வழிதான் இருந்தது. நறுமுகையின் நிழலைத் திறந்து, அவளுடைய கடைசி வாரத்தை உள்ளபடி அதற்குக் கொடுக்க வேண்டும். எவ்வளவு வாந்தி, எவ்வளவு தண்ணீர், எத்தனை மாத்திரை, எவ்வளவு வெயில். அவள் போனது மருந்தாலா இல்லையா என்று நிழல் காட்டிவிடும். அப்படிக் காட்டிய பிறகு அதை மூடிவிட வேண்டும், மறுபடி தொடர முடியாது. திறப்பதற்குப் பெற்றோர் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். செண்பகம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"முடியாது," என்றாள்.

"ஆதிரைக்காகத்தான் கேக்கேன்."

"ஆதிரைக்கு ரத்தம் பாத்தே குடுப்போம். நான் தூக்கிட்டுப் போறேன் எங்க வேணும்னாலும். வெளிய காசு குடுத்துப் பாப்போம்."

"மத்த பிள்ளைங்க? ஊரு முழுக்கத் தபால்ல போகுது."

அவள் களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். "அவ ஒருக்க செத்தது போதாதா? நம்ம கண்ணு முன்னால இன்னொருக்க சாகணுமா? போயிட்டு வாங்க. எனக்கு வேலை கிடக்கு."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாத்திரைப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அதைத் தொடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஹெப்சிபா எங்கள் வீட்டுக்கு வந்தார், பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து. ஆராய்ச்சியில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு டாக்டர் போகக்கூடாதாம். அதையும் அவரே சொன்னார். செண்பகம் நாற்காலியைப் போட்டாள். அவர் தரையில் உட்கார்ந்தார். ஆதிரை ஓடிவந்து, "நீங்கதான் ஊசி டாக்டரா?" என்று கேட்டுவிட்டு அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"சம்மதம் கேக்க வந்தியளா?" என்றாள் செண்பகம்.

"கேக்கத்தான் வந்தேன். குடுக்கலேன்னா போயிருவேன். கோவிக்க மாட்டேன்."

"நானும் ஒண்ணு கேக்கணும்." செண்பகம் ஃபோனை எடுத்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "முந்தின வாரம் அவளுக்கு முக்காக் கிலோ குறைஞ்சிருக்கு. உயரம் ஏறியிருக்கு, எடை மட்டும் குறைஞ்சிருக்கு. அது ஏன்?"

டாக்டர் ஃபோனை வாங்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிடுவார், சொன்னால் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றியது.

"நிஜமான பிள்ளைக்கு எடை ஒரே சீரா ஏறாதும்மா," என்றார். "கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். நிழலும் அப்படி இருந்தாத்தான் கணக்கு ஒழுங்கா வரும். அதனால அதுவே நடுநடுவுல கொஞ்சம் ஏத்தி இறக்கிப் போட்டுக்கும்."

"எதை வச்சு?"

"எதையும் வச்சு இல்ல. பகடை உருட்டுற மாதிரி."

"சும்மாவா?"

"சும்மாதான்."

செண்பகம் ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "அந்த வாரம் நான் தூங்கவே இல்ல," என்றாள். "என்ன சாப்பிடலையோ, எது சேரலையோன்னு. பைத்தியக்காரின்னு எனக்கே தெரியும். இருந்தாலும் தூங்கல. எங்க சென்டர்ல ஒரு பிள்ளைக்குக் கால் கிலோ குறைஞ்சா நான் அந்த வீட்டுக்குப் போயி நிப்பேன். ஏதாவது ஒரு காரணம் இருக்கும் டாக்டரம்மா. இல்லாம இருக்காது. அப்பன் குடிச்சிட்டு வந்திருப்பான், இல்ல அம்மாக்காரி படுத்திருப்பா. எடை சும்மா குறையாது."

"ஆமாம்மா."

"எம் பிள்ளைக்குச் சும்மா குறைச்சிருக்கீங்க."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். செண்பகம் எழுந்து, ஆதிரையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

"வாங்க, போவோம்," என்றாள்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் மையத்தில் ஆளில்லை. ஒரு சின்ன அறை. மேசைமேல் ஒரு திரை. நாங்கள் இருவரும் விரல் வைத்துச் சம்மதம் கொடுத்ததும் திரையில் ஒரு கோடு ஓடத் தொடங்கியது. அதுதான் அவள் இதயம் என்றார் டாக்டர். ஒழுங்காகத் துள்ளித் துள்ளி ஓடியது.

டாக்டர் கேட்கக் கேட்கச் செண்பகம் சொன்னாள். எங்கேயும் தடுமாறவில்லை. முதல் நாள் மூன்று முறை வாந்தி. இரண்டாம் நாள் பேதி. சிறுநீர் கொஞ்சமாகத்தான் போனாள். வீட்டுக்குள் அவ்வளவு புழுக்கம். முழு மாத்திரை, காலையில். கஞ்சி அரை டம்ளர்.

"வேற என்ன குடிச்சா?"

"இளநீர். நாலு நாளும்."

டாக்டரின் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு தட்டினார். செண்பகம் அதைப் பார்த்துவிட்டாள்.

கோடு ஓடியது. திரையின் ஓரத்தில் நாள் மாறிக்கொண்டே வந்தது. நாலாம் நாள் துள்ளல்களின் முனை கூர்மையாகி உயர்ந்தது. பிறகு அகன்றது. ஐந்தாம் நாள் விடியலில் கோடு மணல் சரிவதுபோல அலைந்தது, படுத்துவிட்டது. அவள் போன அதே நேரம். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். செண்பகம் நகரவில்லை.

"இதுல சாம்பல் காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அதை நான் குடுக்கவே இல்ல. பொட்டாசியம் மட்டும்தான்."

"இளநீராலயா?"

"இல்ல."

"டாக்டரம்மா, மறைக்காதீங்க. உங்க விரல் நின்னுச்சு."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். "இளநீர்லயும் பொட்டாசியம் இருக்கு. ஆனா வாந்தி பேதின்னா யார் வீட்டுலயும் இளநீர்தான் குடுப்பாங்க. நானும் குடுப்பேன். அந்த வாரம் ஒரே ஒரு தடவை ரத்தம் பாத்திருந்தா நாங்க மாத்திரையை நிறுத்தியிருப்போம். நிழலுக்கு வாந்தியும் இல்ல, பேதியும் இல்ல. அதோட ரத்தத்தைப் பாத்துட்டு உங்க பிள்ளைக்கு முழு மாத்திரைன்னு அனுப்பியிருக்கு. தப்பு அங்க இருக்கு. எங்கிட்ட இருக்கு."

"வாயால சொல்லாதீங்க. நிறுத்திப் பாருங்க. இளநீரை அப்படியே குடுங்க, மாத்திரையை மட்டும் நிறுத்துங்க."

டாக்டர் அப்படியே செய்தார். கோடு மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. நாலாம் நாள் வந்தது. முனை கொஞ்சம் உயர்ந்தது, தணிந்தது. ஐந்தாம் நாள் விடிந்தது. ஆறாம் நாள். ஏழாம் நாள். துள்ளித் துள்ளி ஓடிக்கொண்டே இருந்தது.

"இது எதுவரைக்கும் போகும்?" என்றாள் செண்பகம்.

"நாம விடுற வரைக்கும் போகும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அடுத்த மாதம் வந்தது. மழைக்காலம் வந்தது.

"போதும்," என்றாள்.

டாக்டர் ஹெப்சிபா அன்றே மேல் கமிட்டிக்கு எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், ஃபோனில் மாத்திரை அளவு சொல்வதை நிறுத்த வேண்டும் என்று. பதில் வரச் சில வாரங்கள் ஆயின. ஒரு பிள்ளையை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் நிறுத்தினார்கள். இங்கே இனி ரத்தம் பார்த்துத்தான் மாத்திரை. மற்ற இடங்களில் தபாலும் ஃபோனும் அப்படியே போகும். மற்ற வீடுகளிலும் நிழலைத் திறந்து காட்டினால் பார்க்கலாம் என்றார்கள். கட்டுரையின் அடியில், ஒரு குழந்தையின் விவரம் திருத்தப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தார்கள். எண்ணிக்கையில் அது இப்போதும் ஒரு கட்டுரைதான்.

பெற்றோர் வீட்டுக்குப் போனதற்காக டாக்டரை மையத்தின் தலைமையிலிருந்து நீக்கினார்கள். இனி எந்தப் பிள்ளையின் வீட்டையும் அவர் தொடர்புகொள்ளக் கூடாது. காலை ஓ.பி.யில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆதிரைக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரே ரத்தம் எடுக்கிறார். அவள் கத்துகிற கத்தலில் வராந்தாவே திரும்பிப் பார்க்கும். வீக்கம் வடிந்திருக்கிறது. இந்த வருஷம் அவர் பெயரில் ஒரு கட்டுரையும் வரவில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

ஊரடங்குக் காலத்தில் வீட்டிலேயே இறந்து, சாம்பல் என்று எழுதப்பட்ட இன்னும் சில பிள்ளைகள் அந்த ஆராய்ச்சியில் இருந்தார்கள். டாக்டர் போக முடியாது. செண்பகம் போகலாம், அவளை யாரும் தடுக்கவில்லை. மையத்து வராந்தாவில் எல்லாத் தாய்மார்களும் ஒருவரையொருவர் பார்த்தவர்கள்தான். யார் பிள்ளை போனது, எந்த ஊர் என்பதெல்லாம் அவளுக்கே தெரியும். அங்கன்வாடி முடிந்ததும் ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்று கிளம்பினாள்.

முதல் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் அப்பாக்காரர் சம்மதித்தார், அம்மா சம்மதிக்கவில்லை. மூன்றாவது, பாப்பாக்குடிப் பக்கம் இசக்கி என்று ஒரு பெண். அவள் ஒரே மகன் போய்விட்டான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. செண்பகம் திரும்பி வந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?" என்றேன்.

"கேக்கல."

"ஏன்? ஆளு இல்லையா?"

"இருந்தா. அந்தப் பையன் இந்த வாரம் அரைக் கிலோ ஏறியிருக்கான். பாயசம் வச்சிருந்தா இசக்கி. எனக்கும் ஒரு டம்ளர் தந்தா. குடிச்சிட்டு வந்தேன்."

மற்ற மாவட்டங்களில் இன்னும் தபாலில் போய்க்கொண்டிருக்கும் பெட்டிகளை நினைத்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்ங்க," என்றாள். தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் எடை குறையும்லா. அன்னைக்கு அவ தூங்க மாட்டா. அப்பப் போயிக் கேக்கேன்."